சின்னத் தொட்டியில் பவளம் வாடினால் எங்கிருந்து தொடங்குவது

பவளம் வாடுகிறது என்று தெரிந்ததும் கை தானாக ஏதாவது ஒரு பாட்டிலைத் தேடும். கால்சியம் விடலாமா, அயோடின் விடலாமா, கடையில் சொன்ன அந்த அமினோ ஆசிட் விடலாமா? முதல் நாள் எதையும் ஊற்றாதீர்கள். 60 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடம் போக நீர் 50 லிட்டர்தான் தேறும். அந்தக் கொஞ்ச நீரில் ஒரு மூடி மருந்து கூடினாலும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பவளம் அதோடு முடிந்துவிடும். சின்னத் தொட்டிகளில் கிருமியால் போகும் பவளங்கள் குறைவு. உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி (நீரின் பிஎச் ஆடாமல் காக்கும் கார்பனேட் அளவு) இந்த மூன்றில் ஒன்று ஓயாமல் ஏறி இறங்குவதால் போவதுதான் அதிகம். ஆகவே முதலில் கண், பிறகு டெஸ்ட் கிட், அதற்கப்புறம்தான் கை.

நம் தென்னாப்பிரிக்காவில், கடலோர டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட் வீடுகளில் காற்று ஈரம். உள்நாட்டு லெனேசியா, லாடியம் வீடுகளில் வறண்ட காற்று, ஜூலையில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஒரே வாட்டத்துக்கு இரு ஊரிலும் காரணம் வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

ஒன்று வாடுகிறதா, எல்லாமே வாடுகின்றனவா?

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். எல்லாப் பவளங்களும் ஒரே நாளில் சுருங்கினால் கோளாறு நீரில், வெப்பத்தில் அல்லது மின்சாரத்தில். ஒன்று மட்டும் சுருங்கி மற்றவை விரிந்திருந்தால் அதன் இடம், அதன்மேல் விழும் ஒளி, பக்கத்துப் பவளம், பூச்சி ஆகியவற்றைப் பாருங்கள். ஹேமர், டார்ச், காலக்ஸியா போன்ற பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் கைகளை நீட்டி அண்டையில் இருப்பதைச் சுட்டுவிடும். இரண்டு பவளங்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். காலக்ஸியாவுக்கு 15 முதல் 20 வேண்டும்.

விளக்கு எரியத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்புக் கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு முறையும் பாருங்கள்.

வெள்ளை என்றால் எல்லாம் ஒன்றல்ல. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிதான் அதற்கு நிறமும் உணவின் பெரும்பங்கும் தருகிறது. வெப்பத்தாலோ அதிக ஒளியாலோ அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டால் சதை கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருக்கும் எலும்பின் வெண்மை தெரியும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலே மெல்லிய பளபளப்பும் வாய்கள் இருக்கும் புள்ளிகளும் தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, மீட்கலாம். பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்புக் கட்டிபோல் மங்கலாக, நுண்ணிய துளைகளோடு இருந்தால் அங்கே சதை இல்லை. சில நாளில் அதன்மேல் பச்சைப் பாசி படரும்.

பழுப்பாக மாறுவது பெரும்பாலும் ஒளி குறைவாலும் நைட்ரேட், பாஸ்பேட் மிகுதியாலும் வருவது. அழகு கெடும், ஆனால் அவசரம் இல்லை. அக்ரோபோரா, பேர்ட்ஸ்நெஸ்ட் போன்ற கிளைவிடும் பவளங்களில் அடியிலிருந்து மேல்நோக்கி வெள்ளை ஏறினால் ஆல்கலினிட்டி ஆடியிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். ஹேமர், டார்ச்சில் சதை உள்ளே வாங்கி, எலும்பின் விளிம்பு பற்கள்போல் வெளியே தெரிந்தால் காரணம் ஆல்கலினிட்டி ஆட்டமாகவும் இருக்கலாம், நீரோட்டம் நேராக முகத்தில் அடிப்பதாகவும் இருக்கலாம்.

லெதர் பவளம் ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் மூடிக்கொண்டு மேலே மெழுகு பூசியதுபோல் ஆவது இயல்பு. பழைய தோலை உரிக்கிறது. நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுச் சும்மா விடுங்கள்.

அளப்பதற்கும் ஒரு வரிசை உண்டு

முதலில் உப்பு. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.026-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் (கருவியில் வடித்த தூய நன்னீர்) பூஜ்யம் வைத்துவிட்டு நம்புவது பலரும் செய்யும் தவறு. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று பிபிடி தள்ளிக் காட்டலாம். 35 பிபிடி அளவுத்திரவம் ஒரு சிறு பாட்டில் வாங்கி, மாதம் ஒரு முறை அதை வைத்தே திருத்துங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே முள் ஏறிவிடும். அதில் வந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது வெப்பம், 24 முதல் 26.5 டிகிரி. ஒரு முறை பார்த்தால் போதாது. அதிகாலை, பிற்பகல் இரண்டையும் பார்த்து வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது ஆல்கலினிட்டி: 7.5 முதல் 9 டிகேஎச்சுக்குள் (அதை அளக்கும் அலகு) எந்த எண்ணாக இருந்தாலும் சரி, அது அங்கேயே நிற்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் மூன்று நாள் அளந்தால்தான் அது ஆடுகிறதா என்று தெரியும். பிறகு நைட்ரேட் 2 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். கடைசியாகக் கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1400.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருப்பதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் உண்டு. பவளத்துக்கு அது பட்டினி. பாஸ்பேட் உறிஞ்சும் துகளை எடுத்துவிடுங்கள், ஸ்கிம்மரை (நுரையால் கழிவை அகற்றும் கருவி) இரவில் மட்டும் ஓட விடுங்கள், மீனுக்கு உணவைக் கூட்டுங்கள். நீர் வெறுமையாகக் கிடந்தால் பழுப்பு இழைகளில் காற்றுக்குமிழ் தொங்கும் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர் வந்து குடியேறும், அதை விரட்டுவது பெரும்பாடு.

உப்பு, ஆல்கலினிட்டி: எவ்வளவு, எத்தனை நாளில்

ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லெனேசியாவில் குளிர்கால வறண்ட காற்றில் மூடியில்லாத தொட்டி ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் இழக்கலாம். 50 லிட்டர் நீரில் மூன்று நாளில் 4 லிட்டர் போனால் 35 பிபிடி 38 ஆகிவிடும். நான்காம் நாள் ஞாபகம் வந்து 4 லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் மறுபடி 35. பவளத்துக்கு இரண்டுமே அடி. ஆவியான அளவு நன்னீரைத் தானே நிரப்பும், மிதவை வைத்த தானியங்கி டாப்-ஆஃப் ஒன்று வாங்குவது இந்தத் தொட்டிக்குச் செய்யும் முதல் நல்ல செலவு, அழகான விளக்கெல்லாம் அதற்குப் பிறகு. அது இல்லையென்றால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக் காலையும் மாலையும் அந்தக் கோடுவரை ஆர்ஓ நீர் விடுங்கள்.

நீர்மட்டம் கோட்டில் இருந்தும் உப்பு ஏறியிருந்தால் ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் இறக்காதீர்கள். 38-லிருந்து 37-க்கு வர, தொட்டி நீரில் 1.3 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் போதும்.

ஆல்கலினிட்டி இறங்கியிருந்தால் சமையலறையிலுள்ள பைகார்ப் சோடாவே வேலை செய்யும். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது, அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். 50 லிட்டர் நீரில் 1.5 கிராம் பைகார்ப் ஆல்கலினிட்டியை 1 டிகேஎச் உயர்த்தும். ஒரு நாளைக்கு அரை டிகேஎச் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது முக்கால் கிராம். அதைக் கரண்டியால் அளக்க முடியாது, நகைத் தராசு வேண்டும். அரை லிட்டர் ஆர்ஓ நீரில் முழுவதும் கரைத்து, பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்பு) நீரைத் தள்ளும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். 6.5-லிருந்து 8-க்கு வர மூன்று நாள். ஒரே நாளில் ஏற்றினால் அக்ரோபோராவின் நுனிகள் கருகியதுபோல் வெள்ளையாகிச் சதை உரியும், கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எவ்வளவு சேர்த்தாலும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் மறுநாள் இறங்கிவிடுகின்றனவா? பவர்ஹெட், ஹீட்டர் மேலெல்லாம் வெள்ளைப் படிவு இருக்கிறதா? மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். 1200-க்குக் கீழே இருந்தால் மற்ற இரண்டும் நீரில் நிற்காமல் சுண்ணாம்பாகப் படியும்.

மென்பவளம் மட்டும் உள்ள தொட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் வேண்டாம். வாரம் 6 லிட்டர் மாற்றினால் தானே சமனாகிவிடும். புது நீருக்கு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் உப்புக்கலவை, குறைந்தது சில மணி நேரம் கலக்கி, வெப்பமும் உப்பும் தொட்டிக்கு இணையாக வந்த பிறகே ஊற்ற வேண்டும்.

மின்சாரம் போனால்

2022, 2023 லோட்ஷெடிங்கில் (முறைவைத்த மின்வெட்டில்) ஒரு விஷயம் பலர் கண்ணுக்குத் தப்பியது. முள் சுழலும் மெக்கானிக்கல் டைமர் மின்சாரம் இல்லாதபோது நின்றுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்றால் டைமர் தினமும் ஐந்து மணி நேரம் பின்தங்கும். இரண்டரை நாளில் பகலும் இரவும் இடம் மாறிவிடும். பகலெல்லாம் பவளம் மூடிக் கிடக்கிறது, நள்ளிரவில் தொட்டி பளீரென்று எரிகிறது, நீரிலோ எல்லா எண்ணும் சரி. லோட்ஷெடிங் இல்லாத நாளிலும் கேபிள் திருட்டால் தெரு இருட்டானால் இதே கதைதான். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் போடுங்கள்.

மின்சாரம் இல்லாதபோது முதலில் தீர்வது ஆக்சிஜன். வெப்பம் அதற்குப் பிறகு, விளக்கு ஒரு நாள் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆகவே சின்ன இன்வெர்ட்டரோ யுபிஎஸோ இருந்தால் அதில் ஒரே ஒரு பவர்ஹெட்டை மட்டும் மாட்டுங்கள். ஹீட்டரை மாட்டினால் பேட்டரியைக் குடித்துவிடும். எதுவும் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு போதும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நீரில் கரையும் ஆக்சிஜனும் டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகவே தொடங்குகிறது. குளிர் இரவில் தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டுங்கள், மேற்புறத்தைத் திறந்தே விடுங்கள்.

கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகத் தொடங்கியிருக்கும். திறந்து அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

வீட்டு மின்பலகையான டிபி போர்டில், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், தொட்டியின் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஹீட்டரை மாட்டும்போது விழுந்தால் அதன் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருக்கும். அதைத் தூக்கி எறியுங்கள், ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம். பிளக்கைக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விடவும் வேண்டாம்.

கோடையில் டர்பன் அறை 30 டிகிரியைத் தாண்டும்போது நீர்மேல் ஃபேன் வைத்தாலும் ஈரக்காற்றில் ஆவியாவது குறைவு, ஒரு டிகிரி இறங்கினாலே நல்லது. அங்கே அறைக்கு ஏசியோ தொட்டிக்குச் சில்லரோதான் வழி. உள்நாட்டில் அதே ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும், பதிலுக்கு டாப்-ஆஃப் நீரைக் குடிக்கும்.

எந்த நீர்

குழாய்நீரை ஒரு இரவு வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்று பழைய மீன் வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக்கு நீர் தரும் ரேண்ட் வாட்டர் நிறுவன நீரில் குளோரமைனும் சேர்க்கப்படுகிறது, அது இரவெல்லாம் வைத்தாலும் போகாது. நல்ல கார்பன் பிளாக், மெம்பிரேன், டிஐ பிசின் மூன்றும் உள்ள ஆர்ஓ கருவியில் வடித்து, கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். 2 அல்லது 3 காட்டத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர்நிலையம் சேதமாகி ஊரே மாதக்கணக்கில் குழாய்நீர் இல்லாமல் தவித்தது. வடித்த நீர் 25 லிட்டர் கேன் இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கடல்நீர் எடுத்துவருகிறவர்கள் மழை பெய்து ஒரு வாரமாவது கழித்து, ஆற்றுமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் தொலைவில், அலை ஏறும் நேரத்தில் எடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் கடற்கரைகள் கழிவுநீர் கலந்ததால் மூடி வைக்கப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீரை எடுக்கும்போது பவளத்தையும் உயிருள்ள பாறையையும் தொடவே கூடாது. சோட்வானா விரிகுடாவில் இருப்பவை ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடிப் பவளப்பாறைகள், 1999-இல் உலகப் பாரம்பரியக் களமான ஐசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருப்பவை. அவை அங்கேயே இருக்கட்டும்.

ஒளி, நீரோட்டம், வீட்டுக் காற்று

புது எல்இடி மாட்டிய இரண்டு வாரத்துக்குள் வெளுத்தால் காரணம் அதுதான். வலுவைப் பாதிக்குக் குறைத்து, வாரத்துக்கு ஒரு முறை பத்து விழுக்காடு கூட்டுங்கள். ஒளியை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் மஷ்ரூம், ஸோவா (சிறு பூக்கள்போல் கொத்தாக வளரும் வகை) இரண்டுக்கும் 50 முதல் 120, ஹேமர் வகைக்கு 80 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. நீரோட்டம் சதையை மெல்ல அசைக்க வேண்டும், ஒரே பக்கமாக மடக்கிப் பிடிக்கக் கூடாது.

டூம் போன்ற பூச்சி ஸ்ப்ரே தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பைரித்ராய்டு இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும். எல்லாம் சேர்ந்து சுருங்கி, இறாலும் செத்துக் கிடந்தால் விஷம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், புகையை அவைதான் நீருக்குள் இழுக்கின்றன. அந்த நேரம் பவர்ஹெட் ஓடட்டும். குளிர்காலத்தில் ஜன்னலை மூடிக் கேஸ் ஹீட்டர் எரித்தால் அறையில் கரியமில வாயு கூடி நீரின் பிஎச் 7.8-க்குக் கீழே போகும். ஜன்னலைக் கொஞ்சம் திறப்பதுதான் மருந்து. மனிதர்களுக்கும் அது தேவை.

பவர்ஹெட்டின் காந்தத்தை எடுத்து உறையை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பும் பழுப்புத் துருவும் இருந்தால் உலோகம் நீரில் இறங்குகிறது. விஷம் என்று சந்தேகம் வந்தாலே 10 லிட்டர் நீரை மாற்றி, இரண்டு மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பனைக் கழுவிப் போடுங்கள், நான்கு நாளில் அந்தக் கார்பனை மாற்றுங்கள். உலோகத்துக்கு அதற்கென்றே உள்ள உறிஞ்சி பஞ்சும் வேண்டும்.

பழுப்புக் கூழும் பூச்சியும்

ஹேமர், டார்ச்சின் ஒரு தலையில் பழுப்பு நிறக் கூழ் தொங்கி, நீரோட்டத்தில் சளிபோல் ஆடினால் அன்றே செயல்பட வேண்டும். சீலியேட் நுண்ணுயிரும் பாக்டீரியாவும் சேர்ந்து சதையைக் கரைப்பது இது. வெளியே எடுத்தால் அழுகிய நாற்றம் அடிக்கும். தலைக்குத் தலை தாவும், ஒரே இரவில் ஒரு கொத்தையே முடித்துவிடும்.

பம்புகளை எல்லாம் முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் கூழ் பிய்ந்து மற்றவற்றின்மேல் விழும். 6 மில்லிமீட்டர் குழாயால் கூழை வாளிக்குள் உறிஞ்சுங்கள், கூடவே மூன்று நான்கு லிட்டர் நீர் போகட்டும். பவளத்தை எடுத்துத் தொட்டிநீர் உள்ள பாத்திரத்தில் குலுக்கி அலசுங்கள். கெட்ட தலையின் கிளையை நல்ல சதைக்கு ஒரு சென்டிமீட்டராவது கீழே எலும்பு வெட்டியால் வெட்டி எறியுங்கள். மீதியைக் கடை அயோடின் டிப்பில் (முக்கி எடுக்கும் மருந்துநீர்), பாட்டிலில் உள்ள அளவுப்படி, பத்து நிமிடம் வைத்து, வேறு தொட்டிநீரில் அலசித் திருப்பி வையுங்கள். டிப் நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கை முழுத் தொட்டியில் கொட்டுவது பாறையில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

அக்ரோபோராவில் சதை மணிக்கணக்கில் உரிந்துகொண்டு போனால் அடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். உரியும் கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நல்ல நுனிகளை வெட்டி, சூப்பர்குளூ ஜெல்லால் ஃப்ராக் பிளக்கில் (பவளத் துண்டு ஒட்டும் சிறு பீடம்) ஒட்டுங்கள்.

ஸோவா மட்டும் பல நாளாக மூடியிருந்தால் இரவில் கைவிளக்கால் தண்டுகளுக்கிடையே பாருங்கள். அதைத் தின்னும் நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல்நத்தை, தின்ற பாலிப்பின் நிறத்தையே எடுத்துக்கொண்டு, மூடிய ஸோவாபோலவே உட்கார்ந்திருக்கும். பைப்பெட்டால் நீரைப் பீய்ச்சினால் ஸோவா அசையாது, இது உருண்டு விழும். டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. தண்டின் அடியில் சுருள் சுருளாக இருக்கும் வெள்ளை முட்டைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஆறு நாளுக்கு ஒரு முறை மூன்று தடவை டிப் செய்யுங்கள்.

ஸோவா, பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தைகளை அந்த அறைக்கு வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீண்டு வரும்போது

வெளுத்த பவளத்தைத் தொட்டியின் கீழ்ப்பகுதியில், ஒளி குறைந்த இடத்தில் ஒரு முறை வைத்துவிட்டு அங்கேயே விடுங்கள். தினமும் இடம் மாற்றுவது புது நோய். பாசி இல்லாததால் அதற்குச் சொந்த உணவு இல்லை. பெரிய வாய் உள்ள வகைகளுக்கு வாரம் இரண்டு முறை, இரவில், பம்பை நிறுத்தி, நிலக்கடலைப் பருப்பில் பாதியளவு நறுக்கிய இறால் அல்லது மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர்) வாயருகில் வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் விழுங்காததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்கள்.

ஹேமர், டார்ச், ஏகான் வகைகளில் சதை முழுவதும் போய் வெறும் எலும்பு நின்றாலும் உடனே எறிய வேண்டாம். மேலுள்ள பாசியைப் பல்துலக்கும் பிரஷால் லேசாகத் துடைத்து, நிழலான மூலையில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். எலும்பின் மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த துளிச் சதை, ஒரு நாள் மிளகளவு பச்சை வாயாக எட்டிப் பார்ப்பதுண்டு.